பன்னிரண்டு அடி

கடைக்காரன் நான்கைக் காட்டினான்.
ஏணியோடு பிறந்த இரும்புப் பரண், ஒருவர் உட்கார.
அதுவே இருவருக்கு, விலை ஒன்றரை மடங்கு.
மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
கம்பளிப்புழுபோல் நெளிந்து ஏறும் ஒன்று.
கடைசியாக, நாலுகால் பெட்டி:
கண்ணாடி ஜன்னல், கேஸ் அடுப்புக்கு மூலை,
"மழை பெய்தால் சீட்டாடலாம்."
எனக்கு மான் வேண்டும் என்றேன்.
எவ்வளவு உயரம் என்றான்.
மானின் மூக்குக்கு மேலே.
"அப்படியானால் இருபதடி" என்று
ஒருவர் பரணை லாரியில் ஏற்றினான்.

மரம் தேட இரண்டு நாள்.
ஆஸ்பென் ஆகாது, உள்ளே உளுத்தது,
மரங்கொத்திக்குத்தான் முதலில் தெரியும்.
மேப்பிளின் வழவழப்பில் பட்டை நழுவும்.
பைனில் போன வருடம் ஒட்டிய கையுறை
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
சிடார்ச் சதுப்பிலிருந்து
கைவிட்ட ஆப்பிள் மரங்களுக்கு மான்கள் போகும் தடத்தில்
ஒரு சிவப்பு ஓக்,
டிசம்பர்வரை இலையை விடாத கஞ்சன்.
முதுகுக்குப் பின்னால் அந்தப் பழுப்பு இருந்தால்
வானத்தில் என் உருவம் வெட்டித் தெரியாது.
எருக்கம்பஞ்சு மாதிரி ஒரு பஞ்சைக் கிள்ளி ஊதினேன்.
சூப்பீரியர் ஏரியின் காற்று அதை வாங்கி
ஓடைப் பக்கம் கொண்டுபோனது.
நல்லது. என் வாடையும் அப்படியே போகட்டும்.

மைத்துனன் ரஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.
ஏறினேன். இடுப்புவாரை மாட்டினேன்.
இருபதடியில்
காடு தலைகுளித்து உட்கார்ந்திருந்தது,
மான்தடம் வகிடாக.
ஓடையின் ஒரு வளைவு.
வேலி. வேலிக்கு அப்பால்
இலையுதிர்ந்த பிர்ச்சுகளின் நடுவே
வெர்னன் ஹாட்டயாவின் சமையலறை.

திரை இல்லை.
காட்டைப் பார்த்த ஜன்னலுக்கு யார் திரை போடுவார்கள்?

மேசையில் இரண்டு கோப்பை.
இரண்டிலும் காபி ஊற்றினார்.
ஒன்றைக் குடித்தார், அவசரமில்லாமல்.
எழுந்தார், மேசையைச் சுற்றிப் போனார்,
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்,
இரண்டாவதைக் குடித்தார்
தான் எழுந்து வந்த இடத்தைப் பார்த்தபடி.

ஆர்டித் போனது மார்ச்சில்.
ஒரு தட்டு மக்ரோனி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு
பனியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

மூச்சை அடக்கியிருந்தேன்.
மானுக்கு அடக்குவதுபோலவே.
பைனாகுலர் எப்போது கண்ணுக்கு வந்ததென்று
எனக்கே தெரியவில்லை.

"எப்படி இருக்கிறது?" கீழிருந்து ரஸ்.
"உயரம் அதிகம்."
"பதினைந்து போதாது என்றது நீதானே, லோர்னா?"
"மேலே காற்று வேறு மாதிரி அடிக்கிறது."
முணுமுணுத்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினான்.
ஏணியின் ஒரு துண்டு லாரிக்குத் திரும்பியது.

பன்னிரண்டு அடி.
இங்கே ஒரு இளம் ஃபர் மரம் குறுக்கே நிற்கிறது.
ஜன்னலை மறைக்கிறது,
தடத்தில் பாதியையும்.

நவம்பர் பதினைந்து, விடிந்து அரைமணி.
பெண்மான் ஒன்று வந்தது, தனியாக.
நின்றது. மூக்கைத் தூக்கியது,
மேலே கூட இல்லை, நேராக என்னை நோக்கி.
முன்காலால் தரையை ஒருமுறை தட்டியது,
கடன் கேட்டு வந்தவள் கதவைத் தட்டுவதுபோல.
பிறகு வெள்ளை வால், பிறகு சதுப்பு.
விரல் குதிரையைத் தொடவே இல்லை.

ஒன்பதேகாலுக்கு வேலிக்கு அப்பால்
ஒரே ஒரு வெடி.

சாயங்காலம் வெர்னன் வந்தார்.
காகிதத்தில் சுற்றிய முதுகுக்கறி,
இன்னும் சூடு ஆறாதது.
உள்ளே வரவில்லை, பூட்ஸில் சேறாம்.
"உன் பரணைப் பார்த்தேன், அந்த ஓக்கில்.
ரொம்பத் தாழ்வு.
இருபதடியில் வை.
அங்கிருந்து எல்லாம் தெரியும்."

தெரியும் என்று வாய்வரை வந்தது.

"முட்டி வலி, வெர்னன்" என்றேன்.
பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.