தூக்க வேண்டியவர்கள்

மழை பெய்து வருவதல்ல எங்கள் வெள்ளம்.
வெயில் சுள்ளென்று அடிக்கும்,
வீதியில் நீட்டிக் கட்டிய பாவு காயும்,
வானத்தில் பொட்டு மேகம் இருக்காது,
காவேரி மட்டும்
பொடக்காளிக்குள் வந்து நிற்கும்.
குடகில் பெய்தது, மேட்டூரில் நிறைந்தது,
எங்கள் வீட்டில் பாத்திரம் மிதக்கும்.

ஆட்டோவில் மைக் கட்டித் தலையாரி சொல்லிப் போவார்:
வினாடிக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம் கன அடி.
கன அடியை யார் கண்டது?
நாங்கள் கண்டது படிதான்.
மாரக்காளும் நானும் சிவப்புப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி
(குழுக் கணக்கில், ரசீது இருக்கிறது)
படித்துறை தொடங்கிப் பள்ளிக்கூட மதில் வரை
கோடு இழுத்தோம்.
ஒரு லட்சம்: கன்னிமார் கல்லின் கழுத்து.
ஒன்றரை: அர்த்தனாரியின் தறிக்குழி.
ஒன்றே முக்கால்: பாவாயி வீட்டு அட்டாலி.
இரண்டுக்கு மின்கம்பத்தில் ஏற வேண்டும்,
லைன்மேன் இன்னும் வரவில்லை.

நோட்டு எழுதியது அதற்கப்புறம்.
பச்சை அட்டை, முன்பக்கம் சீட்டுக் கணக்கு.
திருப்பிப் போட்டு
பின்னாலிருந்து தொடங்கினேன்:
தூக்க வேண்டியவர்கள்.

பாவாயி. இடுப்பெலும்பு. நாற்காலியோடு தூக்கணும்.
சுலைமான் ராவுத்தர். எண்பத்து மூன்று கிலோ, நாலு ஆள்.
நடராசன் மகள் சௌமியா. தண்ணீரைக் கண்டால் அலறுவாள்,
அதட்ட வேண்டாம்,
மஞ்சள் பிளாஸ்டிக் வாத்தைக் கையில் கொடுத்தால் போதும்.
ராக்கியண்ணன் நடப்பார்,
ஆனால் பொழுது விழுந்தால் குடித்திருப்பார்.
இரவில் வெள்ளம் வந்தால் அவரும் இந்தப் பக்கத்தில்.
நாச்சாயி தன் சினை எருமையையும் எழுதச் சொன்னாள்.
எருமையைத் தூக்க முடியாது என்றேன்.
எழுது அம்மணி, எழுதினால் ஞாபகம் இருக்கும் என்றாள்.
எழுதினேன்.

போன தடவை நோட்டு இல்லை.
சைசிங் மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை,
அதில் ஏழு ஒடிசாப் பையன்கள்.
ரேஷன் கார்டு இல்லை, ஓட்டு இல்லை,
வீதியில் ஒரு விசேஷத்துக்கும் மொய் வைத்ததில்லை,
ஆகவே எங்கள் நினைப்பிலும் இல்லை.
ராத்திரி முழுக்கத் தகரத்தின் மேல் உட்கார்ந்து
கைப்பேசி வெளிச்சத்தை ஆட்டியிருக்கிறார்கள்.
அக்கரைக் குமாரபாளையத்தில் எவரோ பார்த்து
இக்கரைக்குப் போன் செய்தார்.
அப்போது நாங்கள்
பள்ளிக்கூடத்தில் உப்புமா தின்றுகொண்டிருந்தோம்.
அது இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போனேன்.
கொட்டகைக்குள் வண்ணான் கொடிபோலச் சட்டைகள்.
பேரைச் சொல்லச் சொல்லி எழுதினேன்,
மூத்தவன் திகம்பர், கடைசி பிபின்,
நடுவில் ஒருவன் பெயரை மூன்று முறை அடித்தேன்.
நீச்சல்? என்று கையை வீசிக் கேட்டேன்.
ஏழு பேரும் சிரித்தார்கள்.
மகாநதிக் கரையாம்.
எங்கள் வீதியில், ஆற்றிலிருந்து நாற்பதடியில்,
நீந்தத் தெரிந்தவர் இரண்டே பேர்.
அங்கேயே உட்கார்ந்து
புதுப் பக்கம் புரட்டி எழுதினேன்:
தூக்குகிறவர்கள்.

தாலுகா ஆபீசில் நோட்டைக் காட்டினோம்.
நல்லது என்றார்கள், போட்டோ எடுத்தார்கள்,
கயிறு கேட்டதற்கு
மனு கேட்டார்கள்.
கயிறு அர்த்தனாரி கொடுத்தான்,
தறிக்கு வாங்கியதில் மிச்சம்.

இன்று ஆடி பதினாறு.
கன்னிமார் கல்லுக்கு மார்பளவு வந்துவிட்டது.
சாயங்காலம் கூட்டத்தில் நோட்டை வாசித்தோம்,
செத்துப்போன இருவரை அடித்தோம்,
பிள்ளை பெற்று வந்திருக்கும் ரம்ஜானைச் சேர்த்தோம்.
எருமை ஈன்றுவிட்டது, கன்றையும் சேர்த்தோம்.
யாராவது விட்டுப்போச்சா என்றேன்.
எல்லோரும் என் முழங்காலைப் பார்த்தார்கள்.
தையல் பிரித்துப் பத்து நாள்தான்.

எனக்குப் பேனா ஓடவில்லை.
மாரக்காள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.
கனம் எவ்வளவு என்றாள்.
ஐந்து கிலோ குறைத்துச் சொன்னேன்.
மேலும் கீழும் பார்த்தாள்,
மூன்று ஆள் என்று எழுதினாள்,
பிறகு அதை அடித்துவிட்டு
நாலு.