ஒன்பதாம் மாடியில் வார்ஃபரின்

நாற்பத்தாறு வயதில்
பாடப்புத்தகம் வாங்கியவளிடம்
மூளை முதலில் சொன்னது
இடமில்லை என்று.

பேருந்து எண்கள், மகனின் பரீட்சைத் தேதி,
பாதிப் பாதியாய்ப் பாட்டு முப்பது,
ஆறாத பகை இரண்டு,
எல்லாம் ஏற்கெனவே குடியிருக்க
மருந்துப் பெயர் நூற்றிருபதை
எங்கே வைப்பாய்?

வெளியே வைத்தேன்.

ஈசூனில் எங்கள் புளோக்,
பன்னிரண்டு மாடி.
இரவு பத்தரைக்கு லிஃப்டில் மேலே போய்
படிவழியே இறங்குவேன்.
வீட்டுக்கு ஒரு மருந்து.
தாழ்வாரத்தில் எது கண்ணில் பட்டாலும்
அதன் கழுத்தில் ஒரு பெயரைக் கட்டிவிட்டு
அடுத்த படி.

பதினொன்றில் சிவப்புச் சாமிமாடம்,
ஆரஞ்சு, கேக், ஊதுபத்தி.
மெட்ஃபார்மின்.
சாமியே ஆனாலும் சாப்பாட்டோடுதான்.

பத்தில் யாருடையதோ
படகு மாதிரி ஒரு ஜோடிக் காலணி.
அம்லோடிபின்.
கணுக்கால் வீங்குகிறதா, கேள்.

எட்டில் எந்நேரமும் சொட்டும் ஈரத்துணி,
ஃபுரோசமைட். காலையில் கொடு.
இரவில் கொடுத்தால்
கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடைதான்.

ஐந்தில் நண்டு வேகும் வாசம்.
அலோபியூரினால் என்று
கால் கட்டைவிரல் சிவந்து சொல்லும்.

எனக்குப் பிடித்தது ஒன்பது.
வெள்ளை நுரைப்பெட்டியில்
கங்கோங் கீரை வளர்த்தார் ஒருவர்.
வார்ஃபரினை அங்கே வைத்தேன்.
கீரையைத் திடீரென்று கூட்டாதே, குறைக்காதே
என்று இலைகளே எச்சரிக்கும்.
சில இரவு பூவாளியோடு நிற்பார்.
இன்னும் தூங்கவில்லையா என்பார்.
படிக்கிறேன் என்பேன்,
கையில் புத்தகம் இல்லாமல்.
சிரிப்பார்.

மஞ்சள் பேனாவால் பக்கம் பக்கமாய்த் தீட்டி
ஏமாந்த மாதங்கள் எனக்கு இரண்டு.
கண் பார்த்ததை
மனம் தனதென்று எண்ணிக்கொண்டது.
மூடிவைத்துவிட்டு
நாக்கு நுனியில் வழுக்கும் பெயரை
முக்கி முனகி இழுத்துப் போட்டால்தான்
அது நம் வீட்டுப் பிள்ளை.
மறந்தால் மறுநாள் ஏறு.
பிறகு மூன்று நாள் விட்டு.
பிறகு ஒரு வாரம் விட்டு.
மறதி கொஞ்சம் தின்னட்டும்,
அது கடிக்க முடியாமல் விட்ட எலும்புதான்
கெட்டி.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கையில்
ஒன்பதாம் மாடியில் பெட்டி இல்லை.
கேட்டில் புதுப் பூட்டு.
தரையில், பெட்டியின் அளவுக்கு
வெளுத்த ஒரு சதுரம்.
மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றது எட்டாம் மாடி.
மருத்துவமனை என்றது பத்து.

பதினேழாம் கேள்வியில் கீரை வந்தது.
கண்ணை மூடினேன்.
பெட்டி அங்கேயே இருந்தது,
ஓர் இலைகூட வாடாமல்,
அப்போதுதான் யாரோ நீர் ஊற்றிய ஈரத்தோடு.

இப்போது பலதுறை மருந்தகத்தில்
ஏழாம் முகப்பு என்னுடையது.
முதல் விதி எளிது.
மருந்தை நீட்டுமுன் பெயரைக் கேள்.
அட்டையில் இருந்தாலும், திரையில் தெரிந்தாலும்,
அவர் வாயால் சொல்லவை.

நூற்றிருபதையும் ஒப்பிப்பேன்.
அளவோடு, பக்கவிளைவோடு.
கீரைக்காரர் பெயர்
எனக்குத் தெரியாது.
மறக்கவில்லை,
கேட்கவே இல்லை.
அது எந்தப் பயிற்சியாலும் திரும்பாது.

இன்று பத்தரைக்கு இல்லை,
ஏழு மணிக்கே ஏறினேன்,
கதவுகள் திறந்திருக்கும் நேரம்.
எட்டாம் மாடி ஈரத்துணி, ரொஹானா.
படகுக் காலணிக்கு வயது பதினாறு,
கூடைப்பந்து, வெய் சியாங்.
ஐந்தில் நண்டோடு உள்ளே இழுத்தார்கள்,
பெயர் மூன்று, ஒன்று நழுவிவிட்டது.

பதினொன்றில் ஊதுபத்தி புகைந்தது,
கதவு திறக்கவில்லை.

மூன்று நாள் விட்டு
மறுபடி போக வேண்டும்.