நாலு புள்ளி ஒன்று

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் திறந்துவிடும், மூட விடாது.
முதுகால் அதைச் சாத்தி
நிற்கிறான் எலெயுதேரியோ.
கைகளில் இன்னும் நண்டு வாடை.

இராப்பள்ளி, எட்டாம் வகுப்பு, கணக்கு:
ஏழுக்கு நாலு புள்ளி ஒன்று.
நாலு எடுத்தால் தேர்ச்சி.

போன மாதம் பின்னங்களோடு மல்லுக்கட்டிப்
பென்சிலை ஒடித்தவன்
தாளை நீட்டக் கூசுகிறான்.

மைத்தே வாங்கிப் பார்க்கிறாள். ஒன்பது வயது.
குளிர்பெட்டிக் கதவில்
தன் ஆறு புள்ளி எட்டைக்
கீழே நகர்த்துகிறாள்.

பிள்ளைகளுக்கு அச்சடித்த அதே தாள்.
'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில்
நாக்கைக் கடித்தபடி
தன் பெயரை எழுதுகிறாள்.

"அடுத்த தடவை
இன்னும் கொஞ்சம் கவனம்."

சரி என்கிறான்.
அடுப்பில் சூப்
பொங்கி வழிகிறது.