முன்படம், பின்படம்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
என் எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு வாங்கு,
மேலே ஓடாத காத்தாடி.

திபூர்சியஸ், வயது ஐம்பத்தொன்று, ஜெயபுரம்.
பழைய படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்.
மேலே சுற்றிய நோட்டீசில்
'இன்றும் குணமாக்குகிறார்' என்று சிவப்பு எழுத்து.

"இது முன்படம் தங்கச்சி.
பின்படம் ஒண்டு எடுத்துத் தாங்கோ.
ஞாயிறு சாட்சி சொல்லவேணும், பாஸ்டர் கேட்டவர்."

பரந்தனில் தகரக் கொட்டகை, நல்ல மழை.
நாரியில் ஒரு கை வந்து இருந்ததாம்.
சுடுதண்ணி ஊற்றினமாதிரி இருந்ததாம்.
பதினைந்து வருசத்துக்குப் பிறகு
தன் செருப்பைத் தானே குனிந்து கொழுவினாராம்.
சொன்னவர், என் முன்னால் குனிந்தும் காட்டினார்.
நிமிரும்போது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

மூச்சை இழுங்கோ.
பிடியுங்கோ.
அசையாதேங்கோ.
ஒரு நாளைக்கு அறுபது தரம் நான் சொல்லும் செபம் இது.

திரையில்
மூன்றாம் நாரி எலும்பின் ஓரம்
நெல்மணி அளவில் வெள்ளையாக இரும்பு.
முன்படத்தில் எந்தச் சாய்வோ அதே சாய்வு.
ஒரு நூல் நகரவில்லை.

எங்கள் வீட்டில் மடுமண் ஒரு சீசாவில் இருக்கிறது.
தம்பியைப் புடையன் கடித்த இரவு
அம்மா அதைக் கரைத்துப் பூசினா.
அப்பா டிரக்டர் பிடித்து வவுனியாவுக்கு ஓடினார்.
தம்பி இப்போது கனடாவில்.
மண்ணா டிரக்டரா என்று
இரண்டு பேரும் சாகும்வரை சண்டை.
டிரக்டர்காரர் முறிகண்டிக்குத் தேங்காய் உடைத்தார்,
அவரை ஒருவரும் கேட்கவில்லை.

அற்புதமெல்லாம் அப்போஸ்தலரோடு முடிந்தது என்பார்
எங்கள் மெதடிஸ்த டொக்டர்,
ஊசி ஏற்றிக்கொண்டே.

மாத்தளனில்
பள்ளிக்கூட மேசையில் கிடந்த ஒரு பிள்ளைமேல்
நானும் கை வைத்தேன்.
இரண்டு கையும் வைத்தேன்.
என் கையும் சூடாகத்தான் இருந்தது.

"இல்லைத்தானே தங்கச்சி?"

"டொக்டர் சொல்லுவார்" என்றேன்.
"நோவு இருக்கோ?"
"துப்பரவா இல்லை."
"அப்ப..."
அதற்குமேல் எனக்கு வசனம் வரவில்லை.

நாலரை பஸ்ஸுக்கு அவர் ஓடினார்.
ஜன்னலால் பார்த்தேன்,
நடக்கவில்லை, ஓடினார்,
இரண்டு படங்களும் கக்கத்தில்,
அந்த நெல்மணியும் கூடவே ஓடியிருக்கும்.

வாங்கில் அவருடைய தடி.
முதிரைக் கம்பு, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது.

வெள்ளி கிடந்தது.
சனி கிடந்தது,
கூட்டுகிறவள் அதைத் தூக்கிக் கூட்டிவிட்டு
அதே இடத்தில் சாத்தினாள்.

திங்கள் காலை தடியைக் காணவில்லை.
அந்த வாங்கில் ஒற்றைக் காலோடும் ஆட்கள் இருப்பார்கள்.
காவலாளியிடம் கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் முதல் ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூச்சை இழுங்கோ, அம்மா.
பிடியுங்கோ.