முதுகு

பரோடாவிலிருந்து பெட்டி வந்த அன்று
கெப்பல் சாலைக் கிடங்கின் தகரத்தில் மழை.
ஆணி பிடுங்கி, நுரைப்பஞ்சை விலக்க
ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளையோடு.
முன்பக்கம் கூழாங்கல் வழவழப்பில் ஃபைபர்கிளாஸ்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.

நான் நிலையறிக்கை எழுதுகிறவள்.
சிராய்ப்பு, விரிசல், கறை, பூஞ்சை.
கையுறை மாட்டி, டார்ச் அடித்து
முன்பே இருந்தது எது, வழியில் நேர்ந்தது எது
என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.
காப்பீட்டுக்காரருக்கு அது போதும்.

இடது முலைக்குக் கீழே மயிரிழை விரிசல்: பழையது.
பிள்ளையின் குதிகாலில் பழுப்புக் கறை: தெரியவில்லை.
முதுகு:

உடைந்ததா, இருந்ததே இல்லையா?
சிற்பிக்கு மின்னஞ்சல் போட்டேன்.
ஹேமாங்கினி வோரா இரண்டு வரி எழுதினார்:
பிசின் வாங்கக் காசு தீர்ந்துவிட்டது.
பிறகு அப்படியே பிடித்துப்போயிற்று.

மூன்று மணிக்கு என் சட்டை நனையும்.
புவாங்கோக் காப்பகத்தில் மகள் அழுவது
இங்கே எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்ல ஆசைதான்.
வெறும் ஹார்மோன் என்றாள் டாக்டர்.
பூட்டு உள்ள அறை இது ஒன்றே.
கையுறையைக் கழற்றி, பம்பைப் பொருத்தி,
அவளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்
(காமிரா அந்தப் பக்கம் பார்க்காது).

முதன்முறையாக உள்ளே பார்த்தேன்.
துருவேறிய கம்பி, சாக்குக் கிழிசல்,
குஜராத்தியில் பென்சிலால் ஏதோ கூட்டல்.
முகத்தின் மறுபுறம்
கட்டைவிரல் தடங்கள், பத்து, பதினைந்து,
ஒன்றின்மேல் ஒன்று, ரேகை தெரிய.
வெளியே புன்னகை என்று நான் குறித்துவைத்தது
உள்ளிருந்து யாரோ
அழுத்தி அழுத்தித் தள்ளியது.

பம்பின் சத்தம் அவளுக்குள் போய்
கொஞ்சம் பெரிதாகித் திரும்பி வந்தது.
நூற்றுப் பத்து மில்லி.
மூடினேன், தேதி எழுதினேன், ஐஸ் பையில் வைத்தேன்.

"சுவரோரம் நிறுத்திடலாமா அக்கா,
பின்னால தெரியாம?" என்றான் ஹஃபீஸ்,
அம்மா வழியில் வந்த தமிழில்.

நடுவில், என்றேன்.
சுற்றி ஆள் நடக்க இடம் விட்டு.

என் சட்டையைப் பார்க்காமல் குனிந்து
தரையில் டேப் ஒட்ட ஆரம்பித்தான்.