பின்னணியில் இயங்குபவை

நாகலூரில் கரண்ட் போய் மூன்றாவது ராத்திரி.
சில்வர் ஓக் ஒன்று கம்பிமேல் சாய்ந்து கிடக்கிறது.
பதினாலாவது வளைவில் மண் சரிந்து
லைன்மேன் வண்டி அடிவாரத்திலேயே நிற்கிறதாம்.
டவருக்கு மட்டும் டீசல் இருக்கிறது.
என்னிடம் முப்பத்தொரு சதவீதம்.

துணை சுகாதார நிலையம் என்பது
ஒரு கட்டில், ஒரு தராசு, ஒரு பீரோ, நான்.
காக்கம்பாடி ரஞ்சனிக்கு நாள் நெருங்கிவிட்டது.
பிரஷர் ஏறுகிற உடம்பு, சேலத்துக்குத்தான் போக வேண்டும்.
நூற்றெட்டைக் கூப்பிட ஒரு நிமிடம் போதும்.
அந்த ஒரு நிமிடத்தை
எத்தனை நாள் உயிரோடு வைத்திருப்பது?

வெளிச்சத்தைக் குறைத்தேன்,
என் விரலே தெரியாத அளவுக்கு.
எழுத்தைத் தட்டும்போது வரும் சிறு உதறல், வேண்டாம்.
புளூடூத், யாரைத் தேடி இத்தனை நாள்
கையை நீட்டிக்கொண்டிருந்ததோ, வேண்டாம்.
ஜெபக் குழு.
கொலுசு மாற்றலாம் என்று இறக்கிவைத்த
வெள்ளி விலை ஆப்.
துறை கொடுத்தவை தனி:
கொசுவுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று,
இரண்டையும் நிரப்பினாயா என்று கேட்க ஒன்று.

மேலே தள்ளித் தள்ளி மூடினால்
மிச்சமாகும் என்று நானும் நம்பியிருந்தேன்.
வீண். மூடியதை மறுபடி எழுப்பத்தான் அதிகச் செலவு.
பிள்ளையைத் தூங்கவைத்தவர்களுக்குத் தெரியும்.

சிக்னல் ஒரு கோடு.
அந்தக் கோட்டைப் பிடித்துத் தொங்கத்தான்
போன் இப்படிச் சூடாகிறது.
ஏரோபிளேன் மோடில் போட்டேன்.
சேர்வராயன் மலை மூடுபனிக்குள்
யாருக்கும் எட்டாமல் பறந்துகொண்டிருந்தேன்.

அப்படியும் இறங்கியது.
இருபத்தாறு. இருபத்துமூன்று.
பிறகுதான் அந்தப் பட்டியலுக்குப் போனேன்,
யார் எவ்வளவு தின்றார்கள் என்று.
திரை ஒன்பது. அழைப்பு நாலு.
நாற்பத்தொன்று, குடைப் படம் போட்ட ஏதோ ஒன்று.
பெயர் கேர்.
நான் இறக்கியதில்லை. முகப்பில் தேடினேன், இல்லை.
பின்னணியில் இயங்குகிறது என்றிருந்தது.
இருப்பிடம்: எப்போதும் அனுமதி.
மைக்: எப்போதும்.
நிறுவிய நாள் ஜூன் ஏழு.

ஜூன் ஏழு,
சூரமங்கலம் கடையில் மெல்வின் இந்த போனை வாங்கித் தந்த நாள்.
"நீ ஒண்ணும் பண்ண வேணாம் ஸ்டெல்லா,
எல்லாம் நானே செட் பண்ணிட்டேன்."
திரும்பும் வழியில்
தட்டுவடை செட்டும் வாங்கித் தந்தார். காரம் கம்மியாக.

தகரத்தில் மழை.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
கணக்குத்தான் வந்தது.
"புதன்கிழமை வழியில பத்து நிமிஷம் எதுக்கு நின்னே?"
அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காமல்
ஜீப் பஞ்சர் என்று நான் பதில் சொன்னது.
தினமும் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துபோனது.
"நீ போனை நோண்டிட்டே இருக்கே" என்று
அதற்கும் அவரே திட்டியது.

கட்டாயமாக நிறுத்தவா என்று கேட்டது.
நிறுத்தினால் சில வசதிகள்
சரியாக இயங்காமல் போகலாம் என்றது.
போகட்டும்.

இருபத்திரண்டு.
விடியும்போது இருபத்தொன்று.

நாலாம் இரவு, மூன்றே முக்கால்.
ரஞ்சனியின் தம்பி சொட்டச் சொட்ட நின்று கதவைத் தட்டினான்.
விமானத்தை இறக்கினேன். ஒரு கோடு வந்தது.
ஒரு நிமிடம் பதினேழு விநாடி.
சரிவுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ், இந்தப் பக்கம் ஜீப்,
நடுவில் முழங்கால் சேற்றில் நாலு பேர், ஒரு ஸ்ட்ரெச்சர்.
டார்ச்சுக்கும் என் போன்தான்.
ஜிஎச்சில் பெண் பிறந்தது, இரண்டு கிலோ எழுநூறு.
கையில் இன்னும் பன்னிரண்டு இருந்தது.

ஐந்தாம் நாள் கரண்ட்.
செருகியதும் குறுஞ்செய்திகள் கொட்டின,
முப்பத்தெட்டு முறை அழைத்தாராம்.
கடைசியில் ஒரு வரி: "ஏன் காட்டல?"

ஏன் எடுக்கல என்று இல்லை.

சார்ஜ் இல்லைங்க என்று தட்டினேன். அழித்தேன்.
தராசைத் துடைத்தேன், பதிவேட்டை எழுதினேன்.
நூறு ஆகும்வரை செருகியே வைத்திருந்தால்
பேட்டரி சீக்கிரம் செத்துவிடுமாம்.
எண்பதில் கழற்றிவிட்டேன்.