இருபத்துநான்கு கட்டம்

கெண்டைக்காலில் ஒரு புகைக்குழாய்ச் சூடு,
ஐம்பது காசு அகலம்.
பாயான் லெப்பாஸ் நெரிசலில்
முகம் பார்க்காத ஒருவரின் மோட்டார் வைத்துவிட்டுப் போன முத்திரை.
இதற்கு டாக்டர் வேண்டியதில்லை.
ஒருநாள் விட்டு ஒருநாள்
பழைய துணியைப் பிரித்துப் புதிது கட்ட
ஒரு மிஸ்ஸி போதும்.
என் அட்டையை வாங்கிக்கொள்கிற மிஸ்ஸி.

கம்பெனி கொடுத்த பட்டியலில்
பக்கத்திலேயே ஏழு கிளினிக்.
முதலாவது இருந்த இடத்தில்
பபிள் டீ விற்கிறார்கள்.
பையன் மரியாதையானவன்.
"டாக்டர் தவறி ரெண்டு வருஷமாச்சு அக்கா.
சீனி கொறச்சுப் போடவா?"

இரண்டாவது, ஜெலுத்தோங்கில்.
படியேறி மூச்சு வாங்கி நீட்டினால்
"இந்த அட்டைய நிறுத்திட்டோம்மா,
காசே வர்றதில்ல அவங்ககிட்டேருந்து."
மூன்றாவதில் எடுப்பார்கள்.
காயம் மட்டும் கட்டுவதில்லை.
"சளி, காய்ச்சல்னா வாங்க."
சளி பிடிக்கும்வரை ஒரு காலில் நிற்கவா என்று கேட்டேன்.
நான்காவதில் போன் அடித்துக்கொண்டே இருந்தது,
இன்னும்கூட அடிக்கும்.

ஐந்தாவதில் மேசைப்பெண்
அட்டையையும் ஐசியையும்
அக்கம்பக்கம் வைத்துப் பார்த்தாள்.
"பேரு சேரலையே."

எப்படிச் சேரும்?
அட்டையில் பெயருக்கு இருபத்துநான்கு கட்டம்.
ரோமன் எழுத்தில் கனகாம்பிகை
பன்னிரண்டை எடுத்துக்கொண்டாள்.
ஓர் இடைவெளி.
இன்னார் மகள் என்று சொல்லும் ஏ, கோடு, பி.
இன்னோர் இடைவெளி.
மிச்சம் ஏழு கட்டத்துக்குள்
சூரியநாராயணன் ஏறப் பார்த்து
சூரியன் வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.
துறைமுகத்தில் முப்பது வருடம் இரவுக்காவல்,
விடியும்போது போர்வைக்குள் போகிற மனுஷன்.
அவரைப் போய்.

ஆறாவதுக்குப் போகும் வழியில் மழை.
துணி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது.
ஆறாவதை விட்டுவிட்டேன்.

ஏழாவது சுங்கை டூவாவில்,
டயர்க் கடைக்கு மேலே.
மிஸ்ஸி எப்சிபா அட்டையைக் கேட்கவில்லை.
"மொதல்ல கால மேல தூக்குங்க."
பிறகுதான் அட்டை. பிறகு அதே கதை:
பெயர் சேரவில்லை.
போனை ஒலிபெருக்கியில் போட்டு
ஸ்டூல் மேல் வைத்தாள்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று
மூன்று மொழியில் சொன்னார்கள்.
நான்காவதாக ஏதும் வருமா என்று
இருவரும் கொஞ்சம் கேட்டிருந்தோம்.
பியானோ வந்தது.

உப்புநீர் ஊற்றி ஊறவைத்து
இடுக்கியால் ஓரத்தைத் தூக்கினாள்.
அந்த நேரம் பார்த்து ஒரு குரல்:
"விடுபட்ட எழுத்துகளைச் சொல்லுங்கள்."

ஏ. ஆயர் ஈத்தாம், என்றாள்.
ஓர் இழுப்பு.
ஆர். ரெலாவ்.
கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.
ஏ. மறுபடியும் ஆயர் ஈத்தாம்.
ஒய்க்கு அவளுக்கு ஊர் கிடைக்கவில்லை.
இடுக்கி அந்தரத்தில் நின்றது.
"யோங் தாவ் ஃபூ."
அந்தப் பக்கம் சிரித்துவிட்டார்கள்.
நானும் சிரித்த நேரத்தில்
மிச்சத் துணி ஒரே இழுப்பில் வந்துவிட்டது.
ஏ.
என். நிபோங் திபால்.
ஏ.
என்.

எட்டு எழுத்து.
யாரும் அப்பாவை இவ்வளவு நிதானமாக
உச்சரித்துக் கேட்டதில்லை.

அனுமதி வந்தது. இன்றைக்கு மட்டும்.
அடுத்த கட்டுக்கு அடுத்த அழைப்பு,
அட்டையைத் திருத்துவது வேறு இலாகா.
கட்டு அதற்கு முன்பே முடிந்து
அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கெழம காலையிலேயே வந்துருங்க.
எட்டு மணிக்குன்னா லைன் சீக்கிரம் கெடைக்கும்."

எட்டு மணிக்கு எனக்கு நடுராத்திரி.
ஷிப்ட் முடிந்து
திரையை இழுத்துவிட்டுப் படுக்கிற நேரம்.

சரி என்றேன்.